மணிமாறனுக்குப் பிறகு கடலேறப் போவது யார்?

ஹாலிவுட்டின் கடற்கொள்ளையன் ஜாக் ஸ்பாரோவுக்கு ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. ‘ஆயிரத்தில் ஒருவன்’ அறுபது ஆண்டுகளாக இரண்டாம் பாகம் இல்லாமல் நிற்கிறது. அதற்கான கதை ஊத்துக்கோட்டையைத் தொட்டு ஓடும் ஆரணியாற்றின் கழிமுகத்தில் இருக்கிறது.

ஊத்துக்கோட்டை பேருந்து நிலையத்தில் சாயங்காலக் கூட்டம் இரண்டு வகை. திருப்பதிக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் ஒரு பக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ, ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கோ நைட் ஷிஃப்ட் போக கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பையோடு ஓர் இளைஞர் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா படம் இது? ஒரே கப்பலா வருது?”

“கடற்கொள்ளைக்காரன் படம் தாத்தா. இது ரெண்டாவது பார்ட்டு.”

“எங்க வாத்தியார் அப்பவே நடிச்சிட்டாருப்பா. ஆயிரத்தில் ஒருவன்.”

“அதுல எம்.ஜி.ஆர். கொள்ளைக்காரரா?”

“வைத்தியருப்பா அவரு! காயம்பட்டவனுக்கு மருந்து போட்டாருன்னு தண்டனை குடுத்து, தீவுல கொண்டுபோய் அடிமையா வித்துட்டானுங்க. அதுக்கப்புறந்தான் கப்பலு, கத்தி எல்லாம்.”

“அதுக்கு ரெண்டாவது பார்ட்டு வந்துச்சா?”

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரல” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. தமிழில் கடற்கொள்ளையர் படம் என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1965-ல் வந்த அந்தப் படம்தான். இரண்டு பாகம், மூன்று பாகம் என்று அறிவிக்காமல் பெரிய படமே தொடங்காத காலம் இது. ஆனாலும் அந்தப் படத்தின் நாயகன் மணிமாறன் ஒருமுறை கப்பலேறியதோடு சரி. ஏன்? இனி ஒருவர் எடுப்பதென்றால் எந்தக் கதையை எடுக்க வேண்டும்? பெரியவர் சொன்ன மூன்று வரியிலேயே விடை இருக்கிறது. வாத்தியாரைப் பற்றி அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது வாள்சண்டை இல்லை. அடிமையாக விற்றார்களே, அந்த அநியாயம்தான்.

வைத்தியன் கொள்ளையன் ஆன கதை

‘ஆயிரத்தில் ஒருவன்’ பி.ஆர்.பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் தயாரிப்பு. அதுவரை ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ என்று சிவாஜி கணேசனை வைத்துப் பிரமாண்டப் படங்கள் எடுத்தவர், முதன்முறையாக எம்.ஜி.ஆரோடு சேர்ந்தார். ஜெயலலிதா எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக நடித்த முதல் படமும் இதுதான். எதிரில் எம்.என்.நம்பியார், ஆர்.எஸ்.மனோகர், கூடவே நாகேஷ். இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. கடல் காட்சிகளுக்காக யூனிட் முழுவதும் கர்நாடகத்தின் கார்வார் கடற்கரைக்குப் போனது. ஈஸ்ட்மென் கலரில் நிஜக் கடலும் நிஜக் கப்பலுமாக விரிந்த காட்சிகளை, சமுத்திரத்தையே பார்த்திராத உள்நாட்டு ஊர்களின் கொட்டகைகளில் ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

கதை நெய்தல் நாட்டில் தொடங்குகிறது. கொடுங்கோல் ஆட்சி. கலகக்காரர்களுக்குச் சிகிச்சை செய்ததற்காக வைத்தியன் மணிமாறன் கைதாகிறான். கூட்டாளிகளோடு கன்னித்தீவுக்கு நாடு கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்படுகிறான். தீவின் தலைவன் செங்கப்பன். அவன் மகள் பூங்கொடி, மணிமாறன் மேல் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கடற்கொள்ளையர் தீவைத் தாக்குகிறார்கள், அடிமைகள் கப்பலேறுகிறார்கள், மருந்து கொடுத்த கை வாள் பிடிக்க நேர்கிறது. மணிமாறன் கொள்ளையன் ஆனதற்கு ஆசை காரணம் இல்லை. அவனுக்கு வேறு வழியே விடவில்லை.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் தமிழ்நாடு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொதித்தது. ஜூலையில் படம் வந்தது. தளையறுத்த அடிமைகள் கப்பலின் மேல்தளத்தில் நின்று விடுதலையைப் பாடியபோது, கொட்டகையில் இருந்தவன் அதைத் தன் காலத்துப் பாட்டாகவே கேட்டான். அடுத்த இரண்டு ஆண்டில் மாநிலத்தில் ஆட்சி மாறியது. படம் ஆட்சியை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆட்சி மாற்றத்துக்குத் தயாராக இருந்த மனங்களுக்கு ஏற்ற கதை அது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பதினெட்டாம் நாள் போஸ்டர் ஒட்டுவதற்கே திணறும் இந்தக் காலத்தில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில் வெளியாகி, சென்னையில் வெள்ளிவிழா கண்டது. பார்த்தவர்களில் பழைய ரசிகர்களும் இருந்தார்கள், அவர்கள் கையைப் பிடித்து வந்த பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தக் கதைக்கு ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மகன் நடித்த இரண்டாம் பாகம்

மணிமாறனுக்கு ஓர் ஆங்கில மூதாதை உண்டு. ரஃபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய ‘கேப்டன் பிளட்’ நாவல். 1935-ல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில் எரால் ஃபிளின் நடித்துப் படமானது. இங்கிலாந்தில் 1685-ல் மன்மத் பிரபு கலகம் செய்தபோது காயம்பட்ட கலகக்காரனுக்கு மருத்துவம் பார்த்த பீட்டர் பிளட், தண்டிக்கப்பட்டு கரீபியன் தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். அதற்கும் பின்னால் நிஜ மனிதர் ஒருவர் இருக்கிறார். ஹென்றி பிட்மன் என்ற அறுவை மருத்துவர் அதே கலகத்தில் பிடிபட்டு பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்; அங்கிருந்து படகில் தப்பி, பட்ட பாட்டை 1689-ல் அச்சிலும் ஏற்றினார். ஆக, எம்.ஜி.ஆர். படத்தின் வேரைத் தோண்டினால் கற்பனைக்கு அடியில் ஒரு மனிதரின் சொந்த வாக்குமூலம் கிடக்கிறது.

‘கேப்டன் பிளட்’டுக்கு இரண்டாம் பாகமும் வந்தது. 1962-ல் ‘கேப்டன் பிளட்டின் மகன்’ என்றே பெயர் வைத்து எடுத்தார்கள். கதாநாயகன், எரால் ஃபிளினின் நிஜ மகன் ஷான் ஃபிளின். அப்பா நடித்த கதையின் மகனாக மகனே நடித்தால் கூட்டம் வரும் என்பது கணக்கு. இன்று 1935 படத்தைப் பேசுகிறார்கள். 1962 படத்தை நினைப்பவர் அபூர்வம். ஷான் நடிப்பையே விட்டுவிட்டு வியட்நாம் போரைப் படமெடுக்கும் புகைப்படக்காரராகி, 1970-ல் கம்போடியாவில் காணாமல் போனார். அவருடைய சொந்த வாழ்க்கை அந்தப் படத்தைவிட ஆழமான கதை. பெயரும் முகச்சாயலும் மட்டும் ஓர் இரண்டாம் பாகத்தைத் தாங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நம்மூரிலும் இரண்டாம் பாக ஆசை புதிதில்லை. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடிவில் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று எம்.ஜி.ஆரே அறிவித்தார்; அவர் அரசியலில் முழுமூச்சாக இறங்கிவிட, படம் வரவில்லை. ‘கல்யாணராமன்’ 1985-ல் ஜப்பான் போனான். செல்வராகவன் 2010-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டு, சோழ வாரிசைத் தேடிக் கடல் தாண்டும் வேறொரு கதையைச் சொன்னார். அதன் இரண்டாம் பாகம் தனுஷ் நடிப்பில் 2024-ல் வரும் என்று 2021 புத்தாண்டு அன்று அறிவித்தார். அந்த ஆண்டும் கடந்துவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் கப்பல் மூழ்கும் இடத்தில் நின்று, அருண்மொழிவர்மன் என்ன ஆனான் என்று ஏழு மாதம் காக்க வைத்தது. கடலில் விட்ட கதையைக் கரையில் முடிக்கும் வரை தமிழ் ரசிகனுக்குப் பொறுமை உண்டு. ‘தினத்தந்தி’யில் 1960-ல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதையில் சிந்துபாத்தைத் தினம் ஒரு கட்டமாகத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தவர்கள் நாம்.

புது வில்லன், பழகிய வில்லன்

கடற்கொள்ளையர் படம் என்றாலே ஹாலிவுட் முதலாளிகள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1995-ல் வந்த ‘கட்த்ரோட் ஐலண்ட்’ படுதோல்வி அடைந்தது. அதைத் தயாரித்த கரோல்கோ நிறுவனம் திவாலானது. தண்ணீரில் காசைக் கொட்டாதே என்பதே அன்றைய பாடம். டிஸ்னிலேண்டில் 1967 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேளிக்கைச் சவாரியை வைத்து 2003-ல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ எடுத்தபோது, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஜாக் ஸ்பாரோவாக வந்த ஜானி டெப்பின் தள்ளாடும் நடையும் நிலவொளியில் எலும்புக்கூடாகும் கொள்ளையர்களும் படத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

2006-ல் வந்த இரண்டாம் பாகம், ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’. இயக்குநர் அதே கோர் வெர்பின்ஸ்கி. உலக அளவில் நூறு கோடி டாலருக்கு மேல் வசூல். முகத்தில் ஆக்டோபஸ் கைகள் நெளியும் டேவி ஜோன்ஸ் பாத்திரத்தில் பில் நை நடித்தார். சாம்பல் நிற உடையில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, மற்ற நடிகர்களோடு படப்பிடிப்புத் தளத்திலேயே நின்று நடித்தார். அந்த அசைவுகளின் மேல்தான் கணினி உருவம் ஏறியது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

டேவி ஜோன்ஸ் பயமுறுத்துகிறான், சரி. ஆனால் கதையை உண்மையில் நகர்த்துகிறவன் கோட்டும் சவுரியும் அணிந்த குள்ளமான ஓர் அதிகாரி: பிரபு பெக்கெட். அவன் கையில் வாள் இல்லை, வாரன்ட் இருக்கிறது. கப்பல்படை இல்லாமலே கடலைப் பிடிக்க ஒரு வழி அவனுக்குத் தெரியும். டேவி ஜோன்ஸின் இதயம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டி தன் மேஜைக்கு வந்தால் போதும். அவன் வேலை பார்ப்பது கிழக்கிந்தியக் கம்பெனியில்.

கரீபியனில் எடுத்த படத்தின் வில்லன், சென்னையைக் கட்டிய கம்பெனி! எலிசபெத் ராணி 1600 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்ட சாசனத்தில் பிறந்து, 1639-ல் சென்னைக் கரையில் இடம் வாங்கி, கோட்டை கட்டி, வியாபாரி வேஷத்தில் நாடாள வந்த அதே கம்பெனியின் நிழல்தான் திரையில் தெரிகிறது. முதல் பாகத்தில் எதிரிகள் சபிக்கப்பட்ட எலும்புக்கூடுகள். இரண்டாம் பாகத்தில் எதிரி, கணக்குப் புத்தகம். இந்த மாற்றத்தால்தான் கதை வளர்ந்தது. பெரிய கப்பல், பெரிய அலை என்று மட்டும் யோசித்திருந்தால் அது ஃபிளின் மகன் படம்போலக் கரைந்திருக்கும்.

வெட்டி எறிந்த காட்சி

இவ்வளவு தூரம் வந்த ஹாலிவுட், கடைசி அடி வைக்கத் தயங்கியது. ஜாக் ஸ்பாரோ ஏன் கொள்ளையன் ஆனான்? அவன் ஒரு காலத்தில் அதே கம்பெனியின் கப்பல் தலைவன். அடிமைகளைச் சரக்காக ஏற்றச் சொன்னபோது மறுத்து அவர்களை விடுவித்தான். அதற்குத் தண்டனையாகக் கையில் சூடு, கப்பலுக்குத் தீ. கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் இந்தக் காரணம், 2007-ல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு காட்சியில் இருக்கிறது. தியேட்டரில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர்கள் பார்த்த ஜாக், ரம் குடிக்கும் வேடிக்கைக்காரன்.

அதே மூன்றாம் பாகத்தில் உலகக் கடற்கொள்ளையர் தலைவர்கள் ஒன்றுகூடும் சபை வருகிறது. இந்தியப் பெருங்கடலின் பிரதிநிதி பெயர் ஸ்ரீ சும்பாஜி ஆங்ரியா. தலைப்பாகையும் தாடியுமாக உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பதிலாக இரண்டு பெண்கள் பேசுவார்கள். கடைசியில் கீச்சுக்குரலில் ஒரு வசனம். சிரிப்பதற்காக வைத்த பாத்திரம். அந்தப் பெயருக்குரிய சம்பாஜி ஆங்கரே, மராட்டியக் கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்கரேயின் மகன். கொங்கணக் கடலில் கம்பெனிக் கப்பல்களைப் பல ஆண்டுகள் நிம்மதியாக விடாத குடும்பம் அது. கம்பெனி அவர்களைக் கொள்ளையர் என்று எழுதி வைத்தது. இந்தியக் கடற்படை மும்பையில் தன் தளத்துக்கு ‘ஐ.என்.எஸ். ஆங்கரே’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. சாண்டில்யன் அந்தக் கான்ஹோஜியை வைத்துத்தான் ‘ஜல தீபம்’ எழுதினார். தமிழ் வாசகன் அவரை வீரத் தளபதியாக அறிந்து பல ஆண்டுகள் கழித்து, ஹாலிவுட் அவர் மகனைக் கோமாளி ஆக்கியது. நம் கதையைப் பிறர் சொல்ல விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

மலையாளத்தில் பிரியதர்ஷன் வேறு வழியில் போனார். போர்த்துக்கீசியர் கொள்ளையன் என்று எழுதி, 1600-ல் கோவாவில் கொன்ற நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரை நாயகனாக்கி, மோகன்லால் நடிப்பில் ‘மரக்கார்’ எடுத்தார். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1965-ல் அடிமை வாழ்வையே கதையின் நடுவில் வைத்துப் படம் எடுத்த தமிழ், அந்தப் பாதையில் அடுத்த அடி வைக்க இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டாம்.

பெட்டிச் செய்தி: சென்னைக் கரையில் ஒரு ஜாக் ஸ்பாரோ

கப்பலைப் பறிகொடுத்து, தனித்தீவில் தள்ளப்பட்டு, எப்படியோ தப்பி வந்தவன் என்பது ஜாக் ஸ்பாரோவின் முன்கதை. ஏறக்குறைய அதே அனுபவம் ராபர்ட் கலிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கொள்ளையனுக்கு வங்கக் கடலில் நேர்ந்தது. 1696-ல் கம்பெனிக்குச் சொந்தமான ‘ஜோசையா’ கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவன், அது சென்னையில் நின்றபோது கூட்டாளிகளோடு அதைக் கடத்திக்கொண்டு ஓடினான். நிக்கோபார் தீவுகளை அடைந்ததும், கப்பலின் பழைய ஆட்கள் திருப்பி அடித்தார்கள். கப்பலை மீட்டுக்கொண்டு, கலிஃபோர்டைத் தீவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு கொள்ளைக் கப்பல் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. பின்னாளில் மடகாஸ்கர் பக்கம் அவனைப் பிடிக்க வேண்டிய கேப்டன் கிட்டின் ஆட்களிலேயே பலர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். கிட் 1701-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். கலிஃபோர்டு உயிர் தப்பினான்.

ஆறு போய்ச் சேரும் இடம்

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு ஆரணியாறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது தரைப்பாலம். மேலே ஆந்திரத்துப் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே ஓடியதுண்டு; அக்கரை ஊர்கள் துண்டித்துப் போனதுண்டு. பக்கத்திலேயே ஜீரோ பாயின்ட்டில் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்குப் போகிறது. சென்னையின் குடிதண்ணீர் அது. ஆறு மட்டும் தன் போக்கில் பெரியபாளையம் பவானியம்மனைத் தொட்டு, பொன்னேரி தாண்டி, பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஏரியின் வாய் வங்கக் கடலில் திறக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் நுழைவாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், ஆளுக்கொன்றாக வாசல் காக்கின்றன. விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி செதுக்கியிருக்கிறான் அந்தச் சிற்பி. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பெயர், பதவி, இறந்த தேதி என்று வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விவரமாக எழுதியிருக்கிறார்கள். ‘பைரேட்ஸ்’ படத்தின் கலை இயக்குநர் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள். மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் கரையோரத்திலும் உள்நாட்டிலும் பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள். சிலர் ஒரு வேளைச் சோற்றுக்காகத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து பட்டாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், இலங்கைக்கும், மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

‘நெய்தல் நாட்டிலிருந்து கன்னித்தீவுக்கு அடிமைகள் போனார்கள்’ என்று படத்தில் பார்த்தோம். இந்த நெய்தல் கரையிலிருந்து நிஜமாகவே போயிருக்கிறார்கள்.

பழவேற்காட்டுக் கத்ரீன்

அப்படிப் போன ஒரு பெண்ணின் கதை ஆவணங்களில் தங்கியிருக்கிறது. பட்டாவியாவின் நீதிமன்றப் பதிவுகளிலும் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றப் பதிவுகளிலும் அவள் பெயர் ‘பலியகட்டாவின் கத்ரீன்’. பலியகட்டா என்பது பழவேற்காடு. ஏறக்குறைய 1630-களின் தொடக்கத்தில் பிறந்தவள். பட்டாவியாவில் அடிமையாக இருந்தபோது, தன்னைத் தாக்கிய காதலனைத் திருப்பித் தாக்கினாள், அவன் இறந்துவிட்டான். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-ல் ஆப்பிரிக்காவின் தெற்கு முனைக்குக் கப்பலேற்றப்பட்டாள். டச்சுக்காரர்கள் அங்கே குடியேறி அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே கைதியாகப் போய்ச் சேர்ந்த முதல் பெண் என்று பதிவாகியிருப்பவள் அவள்தான்.

கோட்டையில் தளபதி யான் வான் ரீபீக்கின் வீட்டுக்குத் துணி வெளுக்கும் வேலை. ஒரு படைவீரன் மூலம் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். பல ஆண்டுகள் கழித்து அவளுக்கு விடுதலை கிடைத்தது. வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற ஒருவரை முறைப்படி மணந்துகொண்டாள். மகன் வளர்ந்து, ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆஃப்ரிகானர் குடும்பங்களில் ஒன்றான ஸ்னைமன் வம்சம் அந்த மகனிலிருந்து தொடங்குகிறது. நிறவெறிச் சட்டம் மனிதர்களைத் தோலை வைத்துப் பிரித்த அந்த நாட்டின் வெள்ளைக் குடும்பம் ஒன்றுக்கு, ஆதித்தாய் பழவேற்காட்டில் பிறந்த ஓர் அடிமைப் பெண்.

மணிமாறன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டனை, நாடு கடத்தல், கப்பல், அடிமை வாழ்வு, விடுதலை எல்லாம் இருக்கிறது. மணிமாறனுக்குப் படைத்துக் கொடுத்ததெல்லாம் கத்ரீனுக்கு நிஜத்தில் நடந்திருக்கிறது. அவனைக் காப்பாற்ற ஒரு பூங்கொடி இருந்தாள், தோளோடு தோள் நிற்க நூறு பேர் இருந்தார்கள். இவள் தனியாக இரண்டு முறை சமுத்திரத்தைக் கடந்து, பிழைத்து, ஒரு குலத்துக்கே தாயாகி நின்றாள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்கு இரண்டாம் பாகம் எழுத உட்காருகிறவர் ‘ஆயிரத்தில் ஒருத்தி’ என்று முதல் தாளில் எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு, நூற்றுக்கணக்கில், கொத்தடிமைகளாக மீட்கப்பட்டது இந்த நூற்றாண்டில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணம் கொடுத்து, ஊர் கடத்தி, கணக்குக் காட்டாமல் வேலை வாங்கும் வழக்கத்துக்குக் கப்பல் தேவையில்லை, ரயில் போதும். அடிமைத்தனத்தைப் பற்றிய படம் இந்தப் பக்கத்துத் தியேட்டரில் ஓடினால், பார்க்கிறவன் அதைச் சரித்திரமாக மட்டும் பார்க்க மாட்டான்.

எடுக்க முடியுமா?

முடியும். பந்துலு 1965-ல் கார்வாரில் நிஜக் கடலில் எடுத்தார். அன்றைக்கு அலை, வெயில், கடல் மயக்கம் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ‘மரக்கார்’ படத்தின் கடற்போர்களுக்குப் பிரியதர்ஷன் நடுக்கடல் தேடிப் போகவில்லை. ஹைதராபாத்தில் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் கப்பல் செட் போட்டு, நீர்த்தொட்டியில் எடுத்து, மீதியைக் கணினியில் நிரப்பினார்கள். ‘கிங்ஸ்டன்’ மாதிரி 2025-ல் வந்த தமிழ்ப் படங்களும் கடலைக் கணினியில் விரிக்கும் துணிச்சலைக் காட்டியிருக்கின்றன.

மரக்கப்பல் தெரிந்த கைகளும் நம்மிடம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணிகள் நம் தச்சர்கள் கட்டியவை. பழவேற்காட்டு மீனவர்களுக்கு முகத்துவாரத்தில் மணல் எந்த மாதத்தில் எங்கே சேரும் என்பது மனப்பாடம். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறையைத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். கடலைப் பங்குபோட்டு வாழத் தெரிந்த அந்த ஜனங்களைத் திரைக்கதை விவாதத்தில் உட்கார வைத்தால், ஹாலிவுட் எழுத்தாளர் கூட்டத்துக்கு எட்டாத விவரம் வந்து விழும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கத்ரீனைத் தூக்கி வைக்கிறோம் என்று அவள் கையில் இரண்டு வாளைக் கொடுத்து, பத்துப் பேரை வெட்டவிட்டு, இடையில் ஒரு குத்தாட்டம் வைத்தால், சும்பாஜியைக் கோமாளி ஆக்கியவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. அவளுடைய வீரம் பிழைத்ததில் இருக்கிறது. அதைப் பரபரப்பாகச் சொல்லத் தெரிந்த இயக்குநர்கள் தமிழில் இன்று இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று வெற்றிப்படம் கொடுத்தவர்கள் அவர்கள். கடல்தான் அவர்கள் இன்னும் தொடாத களம்.

நெதர்லாந்து தன் அடிமை வியாபார வரலாற்றை இப்போது வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பரில் அந்நாட்டுப் பிரதமர் அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பலியகட்டா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுகிறார்கள். உலகின் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் இந்தக் கதை ஒருநாள் தானாகவே மேஜைக்கு வரும். அதற்கு முன்னால் கோடம்பாக்கம் முந்திக்கொள்ள வேண்டும். வேறு யாராவது எடுத்தால் நாயகன் டச்சுக் கேப்டனாக இருப்பான். நம் பழவேற்காட்டுப் பெண் கப்பலின் அடித்தட்டில் நிற்கும் முகமில்லாத கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பாள்.